கார் சாவிக்குள் ஒரு காவல்காரன்

புரட்டாசி சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைத் தரிசிக்கச் செல்பவர்கள், அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டுப் படியேறுகிறார்கள். அந்த நேரத்தில் யாராவது உங்கள் சாவியைப் போலவே பல் வெட்டிய டூப்ளிகேட் சாவியைப் போட்டுத் திருகினால் என்ன ஆகும்? கதவு திறக்கலாம். ஆனால் பெரும்பாலான புதிய கார்களில் என்ஜின் கிளம்பாது.

காரணம், ஒரிஜினல் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒளிந்திருக்கும் சிறு சிப். இந்த ஏற்பாட்டிற்கு இம்மொபிலைசர் என்று பெயர். சாவியைத் துவாரத்தில் நுழைத்ததும் அதைச் சுற்றியுள்ள காயில் சிப்பிற்கு மின்சக்தி தருகிறது. (ரிமோட் பேட்டரி தீர்ந்த பிறகும் கார் கிளம்புவது இதனால்தான்.) கார் ஓர் எண்ணை அனுப்பும். சிப் அதனைத் தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு விடை சொல்லும். காரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடைகள் பொருந்தினால்தான் என்ஜினுக்கு அனுமதி. ஒவ்வொரு முறையும் கேள்வி மாறும். ரகசிய எண் வெளியே வருவதே இல்லை.

உங்கள் மொபைலில் உள்ள சிம் கார்டும் இப்படித்தான் தன்னை நிரூபிக்கிறது. ப்ராசஸர், மெமரி எல்லாம் அடங்கிய முழுமையான செக்யூர் மைக்ரோகண்ட்ரோலர் அது.

சரி, இதை உடைக்கவே முடியாதா? உடைத்திருக்கிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் சாவி சிப் ஒன்றில் ரகசிய எண்ணின் நீளம் வெறும் 40 பிட். அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். மனிதனுக்கு இது மலை. கம்ப்யூட்டருக்கு இது மடு. 2005ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ லேபரட்டரீசும் சேர்ந்து அதனைக் கண்டுபிடித்துக் காட்டினர். நீளம் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 128 பிட் எண் கொண்ட அன்றைய சிம் கார்டுகளை 1998லேயே குளோன் செய்து காட்டினார்கள். கணக்குப் போடும் முறையிலேயே ஓட்டை இருந்தது.

2015ல் நடந்ததுதான் பெரிய அதிர்ச்சி. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டிலிருந்தே இண்டர்நெட் வழியாக ஆட்டிவைத்தனர். மியூசிக் சிஸ்டம் வழியாக நுழைந்து, பக்கத்திலிருந்த மைக்ரோகண்ட்ரோலரின் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதினார்கள். ‘இது கம்பெனி தந்த புரோகிராம்தானா?’ என்று அந்த சிப் கேட்கவே இல்லை. 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே புரோகிராமை இயக்கும் செக்யூர் பூட் வசதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

நம் ஊரிலும் இதற்கான வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி ப்ராசஸரை அடிப்படையாகக் கொண்டு, மைண்ட்குரோவ் நிறுவனம் 2024ல் ‘செக்யூர் ஐஓடி’ என்ற மைக்ரோகண்ட்ரோலரை அறிமுகம் செய்தது. வேகம் 700 மெகாஹெர்ட்ஸ்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்று தொலைந்துவிட்டது என்றால், சர்வீஸ் சென்டரில் அந்தச் சாவியை இம்மொபிலைசர் மெமரியிலிருந்து நீக்கித் தரச் சொல்லுங்கள்.