அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

“ஐயா, அரண்மனை எங்கே இருக்கு?” சென்னை பாரிமுனைக்குப் பக்கத்திலுள்ள அரண்மனைக்காரன் தெருவுக்கு ஏழாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றபோது எழுந்த முதல் கேள்வி இது. அரண்மனை இருந்ததே இல்லை. ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த தெரு இது. ‘அர்மேனியக்காரன்’ என்பது நம் மக்கள் வாயில் புழங்கிப் புழங்கி ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக்கிக்கொள்ளும் இந்த இயல்பைத் தமிழாசிரியர்களும் வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டும் மணிகளும் விற்க வந்த இவர்கள் ஊருக்கும் செய்தார்கள். சைதாப்பேட்டையில் 1726இல் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். இன்றைய மறைமலை அடிகள் பாலம் அதே இடத்தில்தான் நிற்கிறது. பரங்கிமலைப் படிகளும் அவர் அமைத்தவை.

தெருவிலுள்ள ஆர்மீனிய ஆலயம் 1772இல் கட்டப்பட்டது. 1712இல் எழுந்த முதல் ஆலயம் இன்று இல்லை. வாசலைத் தாண்டினால் கடைத்தெரு இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது. மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல் தனியே நிற்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். உள்ளே ஆறு பெரிய மணிகள். முற்றத்தில் நடக்கும்போது கீழே பார்க்கச் சொல்லுங்கள்: தரையில் பதித்தவை கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தாரார்’ 1794இல் வெளிவந்தது சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோனியனும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். என் மாணவி ஒருத்தி அந்த எழுத்துகளை விரலால் தடவி நோட்டில் வரைந்துகொண்டாள். பாடநூலில் ‘வெளிநாட்டு வணிகர்’ என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தவர்கள் அவளுக்கு ஆட்களானார்கள்.

அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில். சற்றுத் தள்ளிப் புனித மரியன்னை இணைப் பேராலயம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியாரை வணங்க எல்லா மதத்தவரும் கூடுவதால் அன்று மாணவர்களை அழைத்துப்போகாதீர்கள், வரிசையில் நிறுத்தவே முடியாது.

இப்பகுதியின் பழைய கட்டடங்களில் விதானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசிய ‘மெட்ராஸ் டெரஸ்’ சில இடங்களில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. பழைய கட்டடங்கள் இடிபட்டு வருவதால் இந்தப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

அடுத்து நாங்கள் போகவிருப்பது பவளக்காரத் தெரு. பவளம் விற்ற அந்த யூத வணிகர்களைப் பற்றி மாணவர்கள் இப்போதே கேள்விகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.