நிலமில்லாத நாடு தொடுத்த போர்

தீபாவளிக்கு முந்தைய வாரம் பாட்டியை மஸ்ஜித் இந்தியாவிற்குச் சேலை எடுக்க அழைத்துச் சென்றிருந்தேன். நான்கு கடை ஏறி இறங்கிக் களைத்துப்போய்த் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, "எங்கப்பா நேதாஜிய பார்த்தது இந்தக் கோலாலம்பூர்லதான்யா" என்றார். கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் கொள்ளுத்தாத்தா, பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்! தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு வரலாறு படித்த எனக்கு, அந்தத் தேநீர்க் கடையில்தான் அது தெரிய வந்தது.

1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூர் கத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ், சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். இரண்டே நாளில், நள்ளிரவு தாண்டிய வேளையில், அவ்வரசு பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் தொடுத்தது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத அரசு! ஆளச் சொந்த மண் இல்லை. ஆனால் அமைச்சரவை இருந்தது, கொடி இருந்தது, படை இருந்தது. மறு ஆண்டில் இரங்கூனில் வங்கியும் திறந்தார்கள். ஒன்பது நாடுகள் அதை அங்கீகரித்தன. அத்தனையும் ஜப்பான், ஜெர்மனி அணியைச் சேர்ந்தவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

படையில் சேர்ந்தவர்கள் யார்? சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஒரு பகுதி. இன்னொரு பகுதி மலாயாவின் சாதாரண மக்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பதினெட்டு வயது ஜானகி தேவர், கோலாலம்பூர்க் கூட்டத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு கேப்டன் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அதன் துணைத் தளபதியானார்.

எல்லாரும் நாட்டுப்பற்றால் மட்டும் சேர்ந்தார்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ரப்பர் ஏற்றுமதி நின்றுவிட்டது. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ஜப்பானியர் தோட்டத்து ஆண்களை லாரி லாரியாகச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் தமிழர் திரும்பவேயில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்த நாள் 1943 அக்டோபர் 17. கத்தே அரங்கு அறிவிப்புக்கு நான்கே நாள் முன்பு! ஒரே ஜப்பான்தான் ஒரு கையால் தமிழனுக்குத் துப்பாக்கி கொடுத்து, மறு கையால் அவன் அண்ணனைச் சாகடித்தது. கொள்ளுத்தாத்தாவும் "சயாமுக்குப் போறதுக்குப் பட்டாளத்துக்குப் போறது மேல்" என்றுதான் பேர் கொடுத்தாராம். ஆனால் சேர்ந்தபின் இருந்த மனிதர் வேறு என்கிறார் பாட்டி. துரைக்கு முன் நிமிர்ந்து நின்றறியாத ஆள், அணிவகுப்பில் நெஞ்சை நிமிர்த்தக் கற்றார். இந்துஸ்தானிக் கட்டளைகளை மனப்பாடம் செய்தார்.

போரில் தோல்விதான். 1944 ஏப்ரல் 14இல் மணிப்பூரின் மொய்ராங்கில் கொடி ஏறியது. ஜூலையில் பின்வாங்க வேண்டியதாயிற்று. குண்டைவிட மழையும் பட்டினியும் மலேரியாவும் அதிகம் கொன்றன. கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து காய்ச்சலோடு திரும்பினார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைய, தற்காலிக அரசும் முடிந்தது.

படை கலைந்தாலும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது முதல் தலைவரான ஜான் திவி, நேதாஜி இயக்கத்தில் இருந்தவர். ஜானகியும் அக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்படையில் இருந்த இன்னொருவர் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. அவரை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து அவ்விடம் அதிக தூரமில்லை.

கொள்ளுத்தாத்தா மீண்டும் அதே தோட்டத்துக்கு, அதே நிரைக்குப் பால் வெட்டப் போனார். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பது அந்நாளைய வழக்கம். இவர் இறங்கவில்லையாம். கிராணி கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பிரேக் பிடிக்கலைங்க" என்றாராம். அந்தச் சைக்கிளுக்குக் கடைசிவரை பிரேக் பிடிக்கவேயில்லை என்று சொல்லிவிட்டுப் பாட்டி சேலைப் பையை என்னிடம் நீட்டினார்.