ஸ்கானர் பழுதல்ல, அனுமதிதான் இல்லை!

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால், நாஞ்சில் நாட்டுத் தமிழும் திருநெல்வேலித் தமிழும் காதில் விழாமல் இராது. இங்கே கணக்கு எழுதும் அன்பர்களுக்கும், ஆபீஸ்களில் குமாஸ்தா வேலை பார்க்கும் அன்பர்களுக்கும் பேனாவைப் போலவே அவசியமாகிவிட்ட கருவி ஸ்கானர். ஜி.எஸ்.டி. பில், ஆதார், ஊரிலிருக்கும் பெற்றோரின் பென்ஷன் தாள், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் மனு என்று எதை அனுப்புவதானாலும் முதலில் ஸ்கான் செய்தாக வேண்டும்.

கணிப்பொறிகளிலோ இப்போது ஒரு மாறுதல் காணப்படுகிறது. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றில் 11 ஏறாது. காசு கொடுத்துப் புது மெஷின் வாங்க இயலாதவர்களுக்கு உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் கைகொடுக்கிறது. கேரளத்தில் இது புதிய சங்கதியும் அல்ல. ரிச்சர்ட் ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது இதே திருவனந்தபுரத்தில்தான். மலையாளம் மீடியமானாலும் தமிழ் மீடியமானாலும் அரசுப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடம் கற்பது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'கைட் குனு லினக்ஸி'ல். வீட்டிலும் அதையே போடு என்று பிள்ளைகளே அப்பாவிடம் சொல்கிறார்கள்.

போட்டாயிற்று, எல்லாம் ஓடுகிறது. ஸ்கானரை மாட்டியதும்தான் சங்கடம். விளக்கு எரிகிறது, கேபிள் சரியாக இருக்கிறது, ஆனால் திரையில் "ஸ்கானர் எதுவும் இல்லை" என்று வருகிறது. உடனே கருவி கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்குகிறார் ஒருவர். இன்னொருவர் புதிதாக வாங்கிவிடுகிறார். மூன்றாமவர் தெருமுனைக் கடையில் ஸ்கான் செய்துகொள்கிறார். அவருடைய ஆதார் நகல் அந்தக் கடைக் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறது. இதுதான் மூன்றிலும் ஆபத்தானது. இத்தனைக்கும் பல சமயங்களில் ஸ்கானரில் கோளாறே இருப்பதில்லை. அதைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

வாசலில் நிற்கும் காவல்

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தரானாலும் பாண்ட்டோடு வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் அதே ஆள் உள்ளே போகலாம். லினக்ஸிலும் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. உரியவர் யார், எந்தக் குழுவினர் தொடலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறது. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸிலிருந்து வந்த ஏற்பாடு இது. ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டு வேலை செய்த காலம் அது.

ஸ்கானருக்கு எதற்கு இவ்வளவு காவல் என்று கேட்கலாம். கண்ணாடியின் மேல் நீங்கள் வைத்து மறந்துபோன பாஸ்புக்கை, நெட்வொர்க் வழியாக அதே கணிப்பொறிக்குள் நுழைந்த வேறொருவர் இருந்த இடத்திலிருந்தே படம் பிடித்துவிடக் கூடாதல்லவா? அதனால்தான் இப்போதைய லினக்ஸ், மெஷினுக்கு முன்னால் நேரில் அமர்ந்து லாகின் செய்தவருக்கு மட்டும் தானாகவே உரிமை தருகிறது. கருவியின் பெயர் அதன் ஜாபிதாவில் இருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

மூன்று சோதனைகள்

'டெர்மினல்' என்னும் கறுப்புத் திரையைத் திறந்துகொள்ளுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் அடிக்க வேண்டும். முதலில் 'எல்-எஸ்-யூ-எஸ்-பி' என்ற ஐந்து எழுத்துக்கள். வரும் பட்டியலில் உங்கள் ஸ்கானர் கம்பெனியின் பெயர் இருந்தால் கேபிளும் கருவியும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். பக்கத்தில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். முதல் நான்கு இலக்கங்கள் கம்பெனியைச் சொல்லும்: கேனானுக்கு 04ஏ9, எச்.பி.க்கு 03எப்0, எப்சனுக்கு 04பி8, பிரதருக்கு 04எப்9.

இரண்டாவது, 'ஸ்கான்', 'இமேஜ்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் பெரிய 'எல்' எழுத்தும். ஸ்கானர் இல்லை என்று பதில் வந்தால் மூன்றாவது சோதனை: அதே கட்டளைக்கு முன்னால் 'எஸ்-யூ-டி-ஓ' என்று சேர்த்து, பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டுங்கள். அதாவது, எல்லா வாசலும் திறந்திருக்கும் 'ரூட்' என்ற அதிகாரியாக நின்று கேட்கிறீர்கள். இப்போது ஸ்கானர் தெரிந்தால் விஷயம் வெட்ட வெளிச்சம்: குறை அனுமதியில்தான். அப்போதும் தெரியாவிட்டால் குறை டிரைவரில். கீழே சொல்லும் வைத்தியம் அதற்குப் பயன்படாது.

ஒரு எழுத்தின் விலை

உபுண்டு, டெபியன் வகைகளில் 'ஸ்கானர்' என்றே ஒரு குழு இருக்கிறது. அதில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. கட்டளை: சூடோ, இடைவெளி, 'யு-எஸ்-இ-ஆர்-எம்-ஓ-டி', இடைவெளி, சிறுகோட்டை ஒட்டிச் சிறிய 'ஏ', பெரிய 'ஜி', இடைவெளி, ஸ்கானர், இடைவெளி, உங்கள் லாகின் பெயர். பிரிண்டரும் ஸ்கானரும் சேர்ந்த ஒரே பெட்டியானால் 'எல்-பி' என்ற பிரிண்டர் குழுவிலும் சேர்ந்துகொள்வது நல்லது.

அந்தச் சிறிய 'ஏ' மிக முக்கியம். 'ஏற்கெனவே உள்ள குழுக்களோடு சேர்' என்பது அதன் பொருள். அதை விட்டுவிட்டால், ஏற்கெனவே சேர்ந்திருந்த குழுக்களிலிருந்தெல்லாம் உங்கள் பெயர் அடிபட்டு ஸ்கானர் குழு ஒன்றே மிஞ்சும். சூடோ செய்யும் உரிமையும் அதோடு போய்விடும். ஸ்கானருக்கு வழி தேடப் போய் வீட்டுச் சாவியைத் தொலைத்த கதையாகும்.

அடித்து முடித்தவுடன் ஸ்கானரைத் தட்டிப் பார்த்து, "பலிக்கவில்லையே" என்று சலித்துக்கொள்பவர்கள் அநேகர். புதிய உரிமை அடுத்த லாகினில்தான் அமலுக்கு வரும். முழுவதும் வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். மெஷினை அணைத்துப் போட்டாலும் சரி. பிறகு 'ஜி-ஆர்-ஓ-யு-பி-எஸ்' என்று அடித்தால் நீங்கள் சேர்ந்திருக்கும் குழுக்களின் பெயர்கள் வரும்.

விவரம் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் கூறும் குறுக்கு வழிகள் இரண்டு. ஒன்று, எப்போதும் ரூட்டாகவே ஸ்கான் செய்வது. அப்படிச் செய்தால் ஸ்கான் செய்த பைல்களெல்லாம் ரூட்டுக்கு உரியவை ஆகிவிடும். பிறகு அவற்றைத் திருத்தவும் நீங்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். மற்றது, கருவிக்கு '666' என்று போட்டு எல்லோருக்கும் திறந்துவிடுவது. கேபிளைக் கழற்றி மாட்டினால் கருவிக்குப் புது எண் கொடுக்கப்படுவதால் பழைய 666 மறைந்துவிடும். காவலை எடுத்துவிட்டதற்கு ஒரு நாள் பலன்தான்.

ஜாபிதாவில் இல்லாத கருவிகள்

பிரதர் போன்ற சில கம்பெனிகளின் டிரைவரைத் தனியாக இறக்கிப் போட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கருவிகள் லினக்ஸின் ஜாபிதாவில் இல்லாமல் போனால், குழுவில் சேர்ந்தும் பயன் இராது. அப்போதுதான் முன்பு குறித்து வைத்த எண் தேவைப்படுகிறது. 'யூடெவ்' விதிகள் இருக்கும் அடைவில் ஒரு சிறு பைல் எழுதி, இன்ன கம்பெனி எண்ணும் இன்ன மாடல் எண்ணும் உள்ள கருவி செருகப்பட்டால் அதை ஸ்கானர் குழுவுக்கு உரியதாக்கி, மோட் 0664 என்று வை எனக் கட்டளையிடலாம். ஒரே வரிதான், ஆனால் ஒரு மேற்கோள் குறி தவறினாலும் வேலை செய்யாது. பள்ளியில் லினக்ஸ் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எச்.பி. பெட்டிகளில் சிலவற்றுக்குக் கம்பெனியின் தனிச் செருகுநிரல் வேண்டும். அதை 'எச்.பி. லிப்' என்னும் இலவச மென்பொருளே இறக்கித் தரும். 22.04 முதலான புதிய உபுண்டுகளில், டிரைவரே வேண்டாத புது மாடல் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை.

ஆபீஸில் ஒரே ஸ்கானரை நாலைந்து மேஜைகள் பங்கிட்டுக்கொள்ளும் அன்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெட்வொர்க்கில் ஸ்கானரைக் கொடுக்கும் வேலையைச் செய்வது நீங்கள் அல்ல, 'சானெட்' என்ற பெயரில் பின்னணியில் ஓடும் ஓர் உபயோகிப்பாளர். ஸ்கானர் மாட்டியுள்ள மெஷினில் வேலை நடக்கிறது, மற்ற மேஜைகளில் நடக்கவில்லை என்றால், அந்தச் சானெட் ஸ்கானர் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்களைச் சேர்த்த அதே கட்டளையால், சிறிய 'ஏ'யை மறவாமல், அதையும் சேர்த்துவிடலாம்.