இடிக்க விடாமல் காத்த வீடுகள்

சொந்தக் காசு போட்டு வாங்கின வீடு. வாசல் கதவு பழசாகிவிட்டது, மாற்றலாம் என்றால் அதற்கு நகரசபையிடம் போய் நிற்க வேண்டும்! "இது என்ன கூத்து?" என்றுதானே கேட்கத் தோன்றுகிறது? என் தங்கையின் கணவரும் அதையேதான் கேட்டார்.

தங்கை இருப்பது அமெரிக்காவில், சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது அவர்கள் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாக்கில் நானும் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டேன். அந்தக் கவுண்டியில், தெருவோடு சேர்த்துப் பழைய வீடுகளைச் சட்டம் போட்டுப் பாதுகாக்கும் பகுதிகள் பல உண்டு.

ரிவர்சைடு என்று ஓர் ஊர். 1869-ல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் திட்டம் போட்டது. ஆறு வளைகிற மாதிரியே தெருக்களும் வளைந்து போகின்றன. ஓக் பார்க்கில் பிராங்க் லாயிட் ரைட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், 1889-ல் தாம் குடியிருக்கக் கட்டிய வீடு இருக்கிறது. தாழ்ந்து அகன்ற கூரை, நடுவில் கணப்பு என்று அவர் பாணியில் எழுந்த வீடுகள் தெருவுக்குத் தெரு. அங்கே 1908-ல் முடிந்த அவருடைய யூனிட்டி கோயில் முழுக்கக் கான்கிரீட். 2019-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது புல்மன் என்ற பகுதியில்தான்.

ஜார்ஜ் புல்மன் ரயிலில் படுத்துத் தூங்கும் சொகுசுப் பெட்டிகள் செய்து பணம் குவித்தவர். 1880-ல் தொழிற்சாலையையும், தொழிலாளர்களுக்கென்று ஓர் ஊரையும் சேர்த்தே கட்டத் தொடங்கினார். பீமன் என்ற இளைஞர்தான் கட்டடக் கலைஞர். பக்கத்து ஏரியின் களிமண்ணையே எடுத்துச் செங்கல் சுட்டார்களாம். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய சிவந்த வீடுகள், முன்னால் ஒரு துண்டுப் புல்தரை. அந்தக் காலத்திலேயே குழாய்த் தண்ணீரும் காஸ் விளக்கும்! தன் மகள் புளோரன்ஸ் பெயரில் ஓர் ஓட்டலும் கட்டினார். கடைத்தெரு, நூலகம், மாதா கோயில் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம். வீடுகளும்தான். தொழிலாளி வாடகைதான் கொடுக்கலாம், சொந்தமாக வாங்க முடியாது.

1893-ல் நாடெங்கும் தொழில் முடங்கியது. கம்பெனி கூலியைச் சராசரியாகக் கால் பங்கு குறைத்தது. வாடகையை மட்டும் ஒரு காசு குறைக்கவில்லை. பக்கத்து ஊர்களைவிட அங்கே வாடகை நூற்றுக்கு 20 முதல் 25 வரை அதிகம் என்று பிறகு அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவே எழுதியது. குடும்பம் நடத்துகிற நமக்கு இந்தக் கணக்கு புரியாதா? கூலி வந்த அன்றே வாடகைக்குப் போய்விட்டால் அடுப்பில் எதை வைப்பது?

ஜென்னி கர்டிஸ் என்ற தையல்காரப் பெண் அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்னாள். அவள் அப்பா 13 வருஷம் அந்தக் கம்பெனிக்கு உழைத்தவர். வேலை போய், நோயில் விழுந்து இறந்தபோது 60 டாலர் வாடகை பாக்கி. அதை இவள் கூலியிலிருந்து கம்பெனி வசூலித்தது! இதைப் படித்துக் காட்டிய தங்கைக்குக் குரல் தழுதழுத்தது.

1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. ரயில்வே தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனாலும் 1898-ல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம், தொழிலுக்கு வேண்டாத சொத்தைக் கம்பெனி விற்றுவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகுதான் அந்த வீடுகள் குடும்பங்களின் கைக்கு வந்தன.

1960-ல், இதையெல்லாம் இடித்துவிட்டுத் தொழிற்பேட்டை வைக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. குடியிருந்தவர்கள் விடவில்லை. சங்கம் கூடினார்கள், வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. 1970-ல் தேசியச் சின்னம் என்ற மதிப்பும், 1972-ல் தென்பகுதிக்குச் சிகாகோ நகரத்தின் பாதுகாப்பும் கிடைத்தன.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வீடு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். தேசியப் பட்டியலில் பெயர் இருப்பது கௌரவம். அதனால் மட்டும், சொந்தப் பணத்தில் இடிக்கிறவரைத் தடுக்க முடியாது. தடுப்பது உள்ளூர்ச் சட்டம். அதுவும் தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற முகப்பு, ஜன்னல், கூரை இவற்றில்தான் கண் வைக்கிறது. அடுக்களையை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம்.

"அதெல்லாம் சரி அக்கா, மரச் சட்டம் போட்ட ஜன்னல் என்ன விலை விற்கிறது தெரியுமா?" என்றாள் தங்கை. நியாயமான கேள்விதான். பழைய மாதிரியே செய்ய ஆசாரி கிடைப்பதும் கஷ்டம், கூலியும் அதிகம். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் முகப்பை இடித்துக் கண்ணாடிக் கடை கட்ட முடியாது என்ற நிம்மதியும் அந்தக் காசில் அடக்கம். நானாயிருந்தால் வாங்குவேன் என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

தொழிற்சாலையின் மணிக்கூண்டை 1998-ல் யாரோ தீ வைத்து எரித்தார்கள். மறுபடி கட்டி எழுப்பி, 2021-ல் பார்வையாளர் நிலையமாகத் திறந்தார்கள். மறுவருஷம் புல்மன் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. அக்டோபர் மாதத்தில் அங்கே குடியிருப்பவர்கள் சிலர் தங்கள் வீட்டையே திறந்து காட்டுவது வழக்கம். சிகாகோவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிறவர்கள் அந்தச் சமயம் போனால் உள்ளேயும் பார்க்கலாம். நல்ல குளிர் இருக்கும். கனமான ஸ்வெட்டர் கையோடு இருக்கட்டும்.