அரை சென் எந்தப் பக்கம் விழும்?

மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள். 1, 2 சென் கழியும். 3, 4 சென் 5 ஆகும். 5 ஒற்றைப்படை என்பதால் முழு சென் எதுவும் நட்டநடுவில் நிற்காது. சிக்கல் அதற்கு முந்தைய படியில்தான். செலாயாங் கடையொன்றில் கிலோ 4.50 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள தக்காளியில் 450 கிராம் எடுத்தால் 2.025 வெள்ளி. எக்செல் கட்டத்தில் எழுதும் ரவுண்ட் சார்பு அரையை மேலே தள்ளி 2.03 என்கிறது, அதே எக்செல்லின் மேக்ரோ மொழியான விபிஏ, அரை வந்தால் இரட்டைப்படையை நாடி 2.02 என்கிறது. கல்லாவில் முன்னது 2.05, பின்னது 2.00.

அரை சென்தானே என்று விட முடியாது; அது 5 சென்னாகிவிட்டது. இரட்டைப்படை முறையில் ஏற்ற இறக்கம் சமனாகுமே என்றால், பலவித விலைகளுக்கு அது சரி. ஒரே பொட்டலத்தை நாள் முழுக்க விற்றால் ஒரே பக்கம்தான் சாயும். மேலே தள்ளுவது விற்பவருக்குச் சாதகம், உண்மைதான். ஆனால் வாங்குபவர் மனக்கணக்கில் சரிபார்க்க முடிவது அதைத்தான்.