வாய்வழி நட்பு, தோல்வழிப் பகை

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்கள் நிறுத்திவிட்டார்களாம். அப்படியும் பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிகிறான். “இன்னும் எதை நிறுத்த வேண்டும்?” என்று கேட்கிறார்.

சாப்பாட்டில் கை வைக்கும் முன் தோலைக் கவனியுங்கள், அம்மா.

மருத்துவர்கள் ‘அடோபிக் டெர்மடைடிஸ்’ என்று சீட்டில் எழுதும் இந்த நோயை, உள்ளே நோய் எதிர்ப்பு மண்டலம் கொதிப்பதால் வெளியே தோல் தடிப்பதாகவே நெடுங்காலம் பார்த்து வந்தார்கள். 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு, ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு இந்நோய் எளிதில் வருவதைக் காட்டியது. தோலின் மேலடுக்குச் செல்களைத் தட்டையாக இறுக்கி அடுக்குவது ஃபிலாக்ரின். பிறகு அதுவே சிதைந்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்களாக மாறுகிறது. அது குறைந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து போகும். வெளியிலிருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே நுழையும். எல்லா நோயாளிகளுக்கும் இந்த மரபணுப் பழுது இருப்பதில்லை. ஆனால் தோலின் காவல் தளர்ந்திருப்பது எல்லோருக்கும் பொது.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தட்டோடுகளுக்கு இடையிலிருந்த சாந்து உதிர்ந்த மழைக்காலத்தில் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியது. உள்ளே எத்தனை முறை வெள்ளையடித்தாலும் நிற்கவில்லை. மேஸ்திரி மாடியேறி இடுக்குகளைப் பூசிய பிறகுதான் சுவர் காய்ந்தது. கரப்பானிலும் வேலை மாடியில்தான்.

உணவை நிறுத்தும் விஷயத்தில் எனக்கு அலுக்காத ஒரு விந்தை உண்டு. லண்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகமாக வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதை கிடியன் லாக் என்ற மருத்துவர் கவனித்தார். இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே ‘பாம்பா’ என்ற கடலைத் தின்பண்டத்தைச் சப்புகிறார்கள். பிரிட்டனிலோ கடலையைக் கண்ணில் காட்டாதே என்பது அப்போதைய அறிவுரை. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை லாக் இரண்டாகப் பிரித்தார். பாதிப்பேர் ஐந்து வயது வரை கடலை சாப்பிட்டார்கள், மீதிப்பேர் தவிர்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. தொடக்கத் தோல் பரிசோதனையில் கடலை ஒவ்வாமை தென்படாதவர்களில், தவிர்த்தவர்களுக்கு 13.7 சதவீதமும் சாப்பிட்டவர்களுக்கு 1.9 சதவீதமும் ஒவ்வாமை இருந்தது.

லாக் தரும் விளக்கம் இது: வயிற்றுக்குள் வரும் உணவைப் பொறுத்துக்கொள்ள உடல் பழகுகிறது. அதே கடலையின் துகள் வீட்டுத் தூசியோடு வெடித்த தோல் வழியாக நுழைந்தால், உடல் அதைப் பகையென்று பதிந்து வைத்துக்கொள்கிறது. வாயை அடைத்துவிட்டுத் தோலைத் திறந்து வைத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஒரு சில குழந்தைகளுக்கு உண்மையான உணவு ஒவ்வாமையும் இருக்கலாம். அதை மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும். கடுமையான கரப்பானுள்ள குழந்தைக்குக் கடலையை முதன்முதலில் கொடுப்பதும் அவரைக் கேட்டே நடக்கட்டும். பக்கத்து வீட்டார் சொன்னதற்காக வளரும் பிள்ளையின் முட்டையைப் பிடுங்குவது வைத்தியமாகாது.

குளியல் சுருக்கமாக இருக்கட்டும். காரமான சோப்பு வேண்டாம். துவட்டியதும் ஈரம் காயுமுன் ஈரப்பதக் களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ உடம்பெங்கும் பூச வேண்டும். தடிப்பு சிவந்து எரியும் நாட்களில், மருத்துவர் குறித்த ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். அதற்கு அழகான அளவொன்று உண்டு: பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும்.

நாமோ இரண்டு கோடியில் நிற்கிறோம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்து, புண்ணாகும்வரை பிள்ளையைச் சொறிய விடுவோர் ஒரு பக்கம். மருந்துக்கடையில் “அரிப்புக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டு, குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்த டியூபை மாதக்கணக்கில் முகத்தில் தேய்ப்போர் மறுபக்கம். அவர்களுடைய தோல் மெலிந்து, சிவந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிகின்றன. 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் தாளில் இருக்கிறது. டியூப் கவுன்ட்டரில் இருக்கிறது.

சிறு குழந்தைக்கு வாரம் 100 கிராமாவது ஈரப்பதக் களிம்பு செலவாக வேண்டும். ஸ்டீராய்டு, தடித்த இடத்துக்கு, மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். நம் வீடுகளில் ஸ்டீராய்டு டியூப் மாதாமாதம் தீர்கிறது. ஈரப்பதக் களிம்பு டப்பா வருடம் முழுக்க அலமாரியில் இருக்கிறது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டாலே பல பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.