ஐந்து நாள் படகுவாசம்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையில் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீரிணை ஓடுகிறது. சோலென்ட் என்று பெயர். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் கரையில் நின்று பார்த்தால் தண்ணீரைவிடப் பாய்தான் அதிகம் கண்ணில் படும். ஹாம்பிள், லிமிங்டன், போர்ட்ஸ்மத், கௌஸ் என்று சுற்றுவட்டாரத் துறைகளிலெல்லாம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றன. புதியவர்கள் சேருகிற வகுப்பு 'காம்பிடென்ட் க்ரூ'. பாடத்திட்டம் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்தது. 1875இல் பிறந்த அமைப்பு அது. முன்னனுபவம் எதுவும் கேட்கமாட்டார்கள். ஐந்து நாள், நான்கைந்து மாணவர்கள், ஒரு பயிற்றுநர். சாயங்காலம் ஆனதும் கரையேறி விடுதிக்குப் போவதெல்லாம் கிடையாது. சமையலும் படகில், தூக்கமும் படகில்.

பணம் கட்டியதும் பலரும் செய்கிற முதல் காரியம், பாய்மரம் பற்றிப் புத்தகம் வாங்கி உருப்போடுவது. தப்பில்லை. ஆனால் ஓட்டச் சொல்லித்தரத்தான் ஆள் இருக்கிறாரே. அந்தப் படகில் குடியிருப்பது எப்படி என்று முதல்நாள் மாலை ஒரு மணி நேரம் சொல்வார்கள், அதோடு சரி. என் கட்சி இதுதான்: தயாரிப்பில் முக்கால் பங்கு குடித்தனத்துக்கு, கால் பங்கு கடலுக்கு.

முதலில் வீட்டைப் பார்த்துவிடலாம். பயிற்சிப் படகு பெரும்பாலும் 35 முதல் 40 அடி நீளம் இருக்கும். எடை ஏழு டன் முன்பின். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, படகின் அடியில் தொங்கும் கீல் என்ற வார்ப்பிரும்புப் பாளமாகவோ ஈயப் பாளமாகவோ இருக்கிறது. இரண்டு பாயையும் முழுக்க விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் துணி காற்றில் நிற்கும். படகு 20 டிகிரி சாய்ந்ததும் கவிழப்போகிறது என்று புதியவர்கள் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். கவிழாது. சாயச் சாய, அடியிலுள்ள எடை படகைத் திரும்ப நிமிர்த்த முயலும் வலு கூடுகிறது. சாய்ந்த பாயில் காற்று பிடிக்கும் பரப்போ குறைகிறது. இந்த அளவுள்ள படகைக் கவிழ்க்கப் பொதுவாகக் காற்று போதாது, உடைந்து விழும் பெரிய அலை வேண்டும்.

சாய்வு ஆபத்தில்லை, ஆனால் தொந்தரவு. அந்தச் சாய்வில்தான் தேநீர் போட வேண்டும், கால்சட்டை மாட்ட வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும்.

அந்தக் கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் பிறகு எல்லோர் முன்னாலும் அவஸ்தைப்படுகிறார்கள். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு, அதன் தலையில் ஒரு சின்னத் திருகு. திருகை ஒரு பக்கம் வைத்துப் பம்பினால் கடல்நீர் கோப்பைக்குள் வந்து கழிவோடு வெளியேறும். மறுபக்கம் வைத்தால் புது நீர் வராது, இருப்பது மட்டும் காலியாகும். நீரை உள்ளே கொண்டுவரும் குழாயும் வெளியே தள்ளும் குழாயும் படகின் உடலைத் துளைத்துக்கொண்டு போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. கோப்பை பல படகுகளில் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், வால்வையும் திறந்துபோட்டுத் திருகையும் தவறான பக்கம் விட்டுவந்தால் கடல் மெதுவாக வீட்டுக்குள் வரத் தொடங்கும். கழிப்பறை வழியாக மூழ்கிய படகுகள் உண்டு. மென்று விழுங்காத எதுவும் இதற்குள் போகக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள படகுக்காரர்களின் சட்டம். அடைத்தவர்தான் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எழுதாத இன்னொரு சட்டம். அடைப்புக்குப் பெரும்பாலும் காகிதமே காரணம் என்பதால் தண்ணீர்ப் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம்: பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளை போதும்.

ஆனால் குளியல் விஷயத்தில் நாம்தான் திணறுவோம். தொட்டியில் இருக்கும் நன்னீர் 300 லிட்டர் அளவுக்குத்தான். ஆறு பேருக்குச் சமையல், குடிநீர், பாத்திரம் எல்லாம் அதில். தினமும் காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் ஆசாமி அதை மறந்துவிட வேண்டும். இரவு மரினா எனும் படகுத்துறையில் கட்டினால் அங்குள்ள குளியலறை கிடைக்கும். நடுவில் மிதவையிலோ நங்கூரத்திலோ நின்றால் ஈரத்துணிதான்.

அடுப்பு எல்பிஜியில் எரிவது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு சன்னலைத் திறந்துவிடலாம்; படகின் அடிவயிற்றில் நீர் புகவும் வழியில்லை, வாயு போகவும் வழியில்லை. அங்கே போய்த் தேங்கும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அதனால்தான் சிலிண்டரை வெளியே தனிப்பெட்டியில் வைத்து, பெட்டியின் அடியில் கடலுக்குத் திறக்கும் துளை விட்டிருக்கிறார்கள். சமைத்து முடித்ததும் அடுப்புக் குமிழை அணைத்தால் போதாது, வாயுக்குழாயையும் மூட வேண்டும். ஒவ்வொரு முறையும். இதில் ஒரு தடவை அசட்டையாக இருந்தால் பயிற்றுநரின் குரல் மாறும்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஊறுகாய் டப்பா ஒன்று எடுத்துப்போவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் அலையில் ஆடும்போது மூடிய அறைக்குள் வெங்காயம் வதக்கும் யோசனையைக் கைவிடவும். வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேர் உங்களை மன்னிக்கவே மாட்டார்கள்.

உடன் இருக்கப்போகிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டுத் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி, 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். எட்டு மாதம், இரண்டே பேர். அவர்கள் அதற்கு முன்பே கடலில் நெடுந்தூரம் சேர்ந்து ஓட்டிப் பழகியவர்கள். நீங்களோ முதல்நாள் கைகுலுக்கிய ஆளின் குறட்டையை அன்றிரவே கேட்கப்போகிறீர்கள். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத ஆணோடு ஒரே கேபினில் படுக்கத் தயக்கமுள்ள பெண்கள் முன்கூட்டியே பள்ளியிடம் பேசலாம். அது சங்கடமான கேள்வியே அல்ல. ஆஸ்துமா, சர்க்கரை, நீச்சல் தெரியாது என்ற விஷயங்களையும் மறைக்க வேண்டாம்.

பை மெத்தென்று சுருட்டி மடக்கக்கூடியதாக இருக்கட்டும். சக்கரம் வைத்த சூட்கேஸைப் படகில் வைக்க இடமே கிடையாது. மழைச்சட்டையும் லைஃப் ஜாக்கெட்டும் பெரும்பாலும் பள்ளியே தந்துவிடும், கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போடுவதுதான் உங்கள் பாடு. பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். வெயிலுக்கு அது சரி. நனைந்த பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் அதில் மோசம். கம்பளியோ ஃப்ளீஸோ மெல்லிசாகப் பல அடுக்கு போட்டால் வெயிலில் ஒன்றைக் கழற்றலாம், காற்றில் ஒன்றை ஏற்றலாம். ஜூலையிலும் கம்பளிக் குல்லாய் வேண்டும். மேல்தளத்தில் கறை பதிக்காத அடிப்பாகமுள்ள காலணி, தூங்குபை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு. நெற்றியில் கட்டும் விளக்கு வாங்கினால் சிவப்பு வெளிச்சம் உள்ளதாக வாங்குங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். வெள்ளை விளக்கை ஒரு கணம் அடித்தால் உங்கள் கண் மட்டுமல்ல, சுக்கான் பிடித்திருப்பவர் கண்ணும் பழையபடி. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கயிற்றில் மாட்டினால் விரலோடு போகும்.

வாந்தி வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. இருக்கவேண்டியதுதான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. கேபின் சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. மூளை இரண்டையும் நம்ப முடியாமல் வயிற்றின் மேல் கோபத்தைக் காட்டுகிறது. இதில் வீரம் ஒன்றும் செல்லாது. கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கடைசிவரை இந்தத் தொல்லை இருந்தது. டார்வின் 'பீகிள்' கப்பலில் 1831 முதல் 1836 வரை பயணம் செய்தார், பழகவே இல்லை. மாத்திரை வேலை செய்யும், ஆனால் குமட்டல் தொடங்கியபின் விழுங்கினால் பிரயோஜனமில்லை. மருத்துவரிடம் கேட்டு, படகுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். சிலருக்கு நாள் முழுக்கத் தூக்கம் வரும். படகில் இருக்கும்போது பசி, குளிர், களைப்பு மூன்றையும் அண்டவிடாதீர்கள். தலை கனத்தால் கீழே படுக்கப் போகாமல் மேலே வந்து சுக்கானைக் கேளுங்கள். தொடுவானத்தைப் பார்த்து ஓட்டும்போது கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன. அதையும் மீறி வந்தால், காற்று வரும் பக்கம் திரும்பாமல் போகும் பக்கம் திரும்பவும்.

கடலுக்கென்று நான் ஒதுக்கிய கால்பங்கில் முதலிடம் கயிற்றுக்கு. எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ள கயிறு இரண்டு மீட்டர் வாங்கி, தொலைக்காட்சி பார்க்கும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் பல முடிச்சுகள் உண்டு. பௌலைன் ஒன்று கைவந்தால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று. கயிற்றின் நீளப்பகுதியில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனியை அதற்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, நீளக்கயிற்றின் பின்னால் ஒரு சுற்று சுற்றி, வந்த வளையத்துக்குள்ளேயே திரும்ப இறக்கி இழுங்கள். எவ்வளவு பாரம் இழுத்தாலும் இந்தக் கண்ணி இறுகிச் சுருங்காது. பாரம் நீங்கியதும் விரலாலேயே நெகிழ்த்திவிடலாம். பாரம் இருக்கும்போது மட்டும் அவிழ்க்க முடியாது, அதனால் எங்கே போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை பழகுங்கள், ஏனென்றால் தேவைப்படும்போது இருட்டாகத்தான் இருக்கும்.

கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சை வீட்டில் பழக முடியாது, கையை எங்கே வைக்கக் கூடாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போகலாம். பாயை இழுத்துப்பிடிக்கும் கயிற்றில் நல்ல காற்றில் நூற்றுக்கணக்கான கிலோ விசை ஏறும். அந்தக் கயிற்றை வின்ச் உருளையில் கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் உராய்வே பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ள, நுனியை ஒரு கையால் பிடிக்கலாம். கயிறு கட்டைவிரல் பக்கமாக இல்லாமல் சுண்டுவிரல் பக்கமாக உருளைக்குப் போகும்படி பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால், கயிறு திடீரென்று ஓடும்போது முதலில் உள்ளே போவது கட்டைவிரல். தளர்த்தும்போது மற்றொரு கையின் உள்ளங்கையைச் சுற்றுகளின் மேல் தட்டையாக அழுத்தி, அங்குலம் அங்குலமாக விட வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த யந்திரம் ஒத்துவராது.

காலை நாலரை மணிக்கு எழுப்பினால் பயிற்றுநரைத் திட்டாதீர்கள், கடல் அப்படி. சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான். சவுத்தாம்ப்டனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டர் வரை போகும். அங்கே ஓதம் ஒரு உச்சத்தைத் தொட்டு, லேசாக இறங்கி, சுமார் இரண்டு மணி நேரத்தில் மறுபடி உச்சத்துக்கு வரும். வைட் தீவை இருபுறமும் சுற்றி நீர் வருவதால்தான் இது என்று உள்ளூரிலேயே பலர் சொல்வார்கள், சரியல்ல. ஆழம் குறைந்த ஆங்கிலக் கால்வாய்க்குள் ஓத அலை உருமாறுவதே காரணம். நீரோட்டமும் சாமானியமில்லை. மேற்கு முனையில் ஹர்ஸ்ட் கோட்டைக்கு முன்னால் உள்ள இடுக்கில் அது நாலு நாட் (மணிக்கு நாலு கடல்மைல்) வேகத்தைத் தாண்டும். உங்கள் படகின் வேகமே ஐந்தாறு நாட்தான். ஓட்டம் சாதகமென்றால் பத்து நாட்டில் பறப்பீர்கள், எதிர்த்தால் ஒரு மணி நேரம் கழித்தும் அதே கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நீரிணையின் நடுவே பிராம்பிள் என்ற மணல்திட்டு இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை, நீர் மிகவும் வற்றும் நாளில், இரண்டு படகுச் சங்கங்கள் அதில் இறங்கிக் கிரிக்கெட் ஆடுகின்றன. மற்ற நாட்களில் சவுத்தாம்ப்டனுக்குப் போகும் ராட்சதக் கப்பல்கள் அந்தத் திட்டைச் சுற்றித்தான் வளைந்து திரும்ப வேண்டும். அந்தப் பகுதியில் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டரும் இருபக்கமும் 100 மீட்டரும் யாரும் நுழையக் கூடாத இடம். பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும் என்ற பொதுவிதியை அங்கே பேசிக்கொண்டிருக்க முடியாது.

லைஃப் ஜாக்கெட்டை முதல்நாளே உங்கள் அளவுக்கு இறுக்கி, தொடைப்பட்டியையும் மாட்டுங்கள். தொடைப்பட்டி இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலேறும், ஆள் கீழே நழுவுவார். உள்ளே இருக்கும் வாயுக்குப்பியைக் கையால் திருகிப் பாருங்கள். அதிர்வில் அது தளரும். ஐந்து நாட்டில் போகும் படகிலிருந்து ஒருவர் விழுந்தால் ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் பின்தங்கிவிடுவார். குளிர்ந்த நீரில் முதல் சில நிமிடம் மூச்சே கட்டுக்குள் இருக்காது. ஆகவே இருட்டிலும் பலத்த காற்றிலும் பாதுகாப்பு வாரைப் படகோடு மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் தேர்வு என்று எதுவும் கிடையாது. பயிற்றுநர் உங்களைப் பார்த்ததை வைத்தே சான்றிதழ். அடுத்த படியான 'டே ஸ்கிப்பர்' செய்முறை வகுப்புக்கு ஐந்து நாள் கடலனுபவம், 100 கடல்மைல், நான்கு மணி நேர இரவுப் பயணம் எதிர்பார்ப்பார்கள். இந்த வாரம் ஓடிய தூரமும் அதில் சேரும். எனவே பதிவேடு ஒன்றை வாங்கிப்போய் தினமும் படுக்கும் முன் ஓடிய மைலையும் இரவில் ஓடிய நேரத்தையும் குறித்துவையுங்கள். கடைசி நாள் படகைக் கழுவி முடித்ததும் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். பயிற்றுநர் தன் பையைத் தூக்குவதற்குள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.